தோட்டத்திலும் செட்டிலும் டேட்டா லாகர்: திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

வெப்பம், ஈரப்பதம், மழை இவற்றைத் தானாக அளந்து எழுதி வைக்கிற டேட்டா லாகரை உடுமலைப்பேட்டையைச் சுற்றி மாட்டிக் கொடுப்பதும், மாட்டியதைப் போய்ப் பார்த்து வருவதும் என் வேலை. பட்டுப்புழு செட்டு, பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணை, பொள்ளாச்சித் தென்னந்தோப்பு, ஒன்றிரண்டு நூல் மில், மருந்துக் கடை என்று இடம் மாறுகிறது. போனில் வருகிற சந்தேகம் மட்டும் மாறுவதில்லை. ஒரே பதிலை வாயால் சொல்லிச் சலித்துப்போய் இதை எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன், 'ங்க'வைக்கூட எடுக்கவில்லை.

1. ஏனுங்க, செல்போன்லயே எத்தன டிகிரின்னு காட்டுதே, இதுக்குன்னு தனியா ஒரு பொட்டி எதுக்குங்க?

செல்போன் காட்டுவது உங்கள் தோட்டத்து வெப்பம் இல்லை. எங்கெங்கோ இருக்கும் வானிலை நிலையங்களின் அளவையும் செயற்கைக்கோள் தகவலையும் வைத்துக் கணினி போடுகிற கணக்கு அது. ஊருக்குப் பொதுவாக ஓரளவு ஒத்துவரும். உங்கள் செட்டுக்குள் ராத்திரி இரண்டு மணிக்கு என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

லாகரில் இருப்பது மூன்றே சாமான்: அளக்கிற சென்சார், மணி பார்க்கிற கடிகாரம், எழுதி வைக்கிற நினைவகம். சுவரில் தொங்கும் வெப்பமானி நீங்கள் பார்க்கிற நேரத்து அளவை மட்டும் சொல்லும். லாகர் பார்க்காத நேரத்தையும் சேர்த்துச் சொல்லும்.

2. ரெண்டாயிரத்துக்கும் இருக்குது, இருபதாயிரத்துக்கும் இருக்குது. எதைங்க வாங்கறது?

விலையைக் கேட்கும் முன், எதைத் தெரிந்துகொள்ள வாங்குகிறீர்கள் என்று ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். 'செட்டுக்குள் ராத்திரி எவ்வளவு குளிர்கிறது' என்றால் கைக்கு அடக்கமான யூ.எஸ்.பி. லாகர் போதும். 'எந்த வயலில் எவ்வளவு மழை' என்றால் மழைமானியோடு கூடியது வேண்டும். எல்லாவற்றையும் அளக்கிறேன் என்று ஏழு சென்சார் வாங்கியவர்கள் மூன்றாம் மாதம் ஒன்றைக்கூடப் பார்ப்பதில்லை. இதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

வாங்கும்போது நான்கு விஷயம் கேளுங்கள்: எத்தனை டிகிரிக்குள் சரியாகக் காட்டும், எத்தனை அளவு சேமிக்கும், பேட்டரியை நீங்களே மாற்ற முடியுமா, தகவலை எந்தக் கணினியிலும் திறக்கிற சாதாரண சி.எஸ்.வி. கோப்பாக எடுக்க முடியுமா. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வாங்காதீர்கள். அந்த நிறுவனத்தின் மென்பொருள் நின்றுபோனால் உங்கள் தகவலும் அதோடு போய்விடும்.

3. பையன் இஞ்சினியரிங் படிக்கறானுங்க. நாமளே செஞ்சுக்கலாமா?

தாராளமாக. நிரலை ஓட்டுகிற இ.எஸ்.பி.32 பலகை, வெப்பமும் ஈரப்பதமும் அளக்கிற எஸ்.எச்.டி.31 சென்சார், டி.எஸ்.3231 கடிகாரம், ஒரு மெமரி கார்டு, அவ்வளவுதான். நீல நிறத்தில் மலிவாக வரும் டி.எச்.டி.11 சென்சார் மட்டும் வேண்டாம். அது இரண்டு டிகிரி முன்னே பின்னே காட்டும். பள்ளிக்கூடக் கண்காட்சிக்குச் சரி. வயரைப் பெட்டியின் அடிப்பக்கமாக நுழையுங்கள். நுழையும் முன் வயர் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

சொந்தமாகச் செய்ததில் நான் பார்த்த பெரிய கோளாறு சர்க்யூட்டில் இல்லை. பையனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிடுகிறது. எந்த வயர் எதற்கு என்று வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. வயர் இணைப்புப் படத்தை ஒரு தாளில் வரைந்து பெட்டிக்குள் ஒட்டச் சொல்லுங்கள். நிரலின் ஒரு பிரதியை அதே மெமரி கார்டில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

4. எங்கீங்க மாட்டறது? வாசல் செவுத்துல ஆணி அடிச்சு மாட்டிட்டேன், மத்தியானம் 44 காட்டுது.

அந்த 44 உங்கள் சுவரின் சூடு. காற்றின் வெப்பத்தை அளக்க வேண்டும் என்றால் சென்சார்மேல் வெயில் படக்கூடாது, காற்று தடையில்லாமல் போய்வர வேண்டும். நிழலும் காற்றும் ஒரே இடத்தில் கிடைக்கத்தான் வானிலை நிலையங்களில் பலகணி வைத்த வெள்ளை மரப்பெட்டியை வைக்கிறார்கள். கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளரான தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்ததால் அதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். தோட்டத்துக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். வெள்ளைத் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக இடைவெளி விட்டுக் கவிழ்த்த மாதிரி ஒரு கவசம் கிடைக்கும். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற பிளாஸ்டிக் தட்டில் வெள்ளை பெயின்ட் அடித்து நீங்களே செய்துவிடலாம். காற்றே இல்லாத உச்சிவெயிலில் இதுவும் ஒரு டிகிரி கூடக் காட்டும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

உயரம் தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டருக்குள், அதாவது உங்கள் நெஞ்சு உயரத்துக்கு. நெல் காயப்போடும் சிமென்ட் களம், தகரக் கூரை, மோட்டார் ரூம், கட்டுத்தரை இவற்றை ஒட்டி வேண்டாம். புல்லோ வெறும் மண்ணோ இருக்கும் திறந்த இடம் நல்லது.

'தென்னை நிழலில் வைத்தால் ஆகாதா' என்று அடுத்துக் கேட்பீர்கள். தோப்புக்குள் இருக்கும் சூழலைத் தெரிந்துகொள்ளத்தான் வைக்கிறீர்கள் என்றால் தோப்புக்குள்தான் வைக்க வேண்டும், அதிலும் கவசத்தோடு. ஊர் நிலையத்தோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் வெளியே வையுங்கள். இரண்டையும் ஒரே பொட்டியிடம் கேட்காதீர்கள்.

5. செட்டுக்குள்ள வெக்கறதுன்னா? கதவுக்குப் பக்கத்துல இருந்தா பாக்க சௌகரியமுங்க.

உங்களுக்குச் சௌகரியம், புழுவுக்கு அங்கே என்ன வேலை? கோழிப் பண்ணையில் குஞ்சின் முதுகு உயரத்தில் இருக்க வேண்டும். முதல் வாரம் 32, 33 டிகிரி வேண்டும் என்கிறோமே, அது குஞ்சு நிற்கிற இடத்தில். ஆள் உயரத்தில் மாட்டினால் கூரைச் சூட்டைத்தான் படிப்பீர்கள். புழு செட்டில் ரேக்கின் நடு அடுக்கில், தழைக்குப் பக்கத்தில். இளம்புழுவுக்கு 26 முதல் 28 டிகிரியும் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும், முதிர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரியும் சுமார் 70 சதவீதமும் வேண்டும். இந்த அளவெல்லாம் புழு இருக்கிற அடுக்குக்குத்தான்.

நானே மாட்டிக்கொண்ட கதை ஒன்று. ஆரம்பத்தில் எங்கள் செட்டில் ஜன்னலுக்குப் பக்கம் மாட்டியிருந்தேன். ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கியது. லாகர் ஜம்மென்று 74 சதவீதம் காட்டிக்கொண்டே இருந்தது. மேல் அடுக்கில் தழை மணிக்கணக்கில் வாடிக் கிடந்ததை அந்த எண்ணை நம்பிக் கவனிக்காமல் விட்டேன். அந்த ஈட்டில், அதாவது அந்தத் தடவை வளர்த்த புழுவில், கூடு பாதிகூட வரவில்லை. அப்புறம் ஒரு வாரம் இரண்டாவது லாகர் ஒன்றை மேல் அடுக்கில் வைத்துப் பார்த்தேன். பகலில் அங்கே 55-ஐத் தாண்டவில்லை. லாகர் பொய் சொல்லவில்லை, சாக்கின் ஈரத்தைச் சரியாகத்தான் சொன்னது.

6. எத்தன நிமிசத்துக்கு ஒருக்கா பதியோணுமுங்க?

10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளைக்கு 144, வருடத்துக்கு 52,560 அளவு. 16,000 அளவு பிடிக்கிற சின்ன லாகர் 111 நாளில் நிரம்பிவிடும். அதே லாகரை அரை மணிக்கு ஒன்று என்று வைத்தால் கிட்டத்தட்ட 11 மாதம் வரும். தோட்டத்துக்கு 15 நிமிடம் போதும். குஞ்சு இறக்கிய முதல் இரண்டு வாரத்துக்கு 5 நிமிடம் வையுங்கள். நிரம்பியதும் பழையதை அழித்து எழுதுமா, நின்றுவிடுமா என்பதையும் மாட்டும் அன்றே பார்த்துவிடுங்கள்.

குளிர்பதனக் கிடங்குக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கம்ப்ரசர் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி நிற்கிறது, நீங்களும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பதிகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் சுற்றின் ஒரே இடத்தில் அளவு விழும். கோடு ஆடாமல் அசையாமல் அழகாக இருக்கும். உள்ளே ஏறி இறங்குவது தெரியவே தெரியாது. கம்ப்ரசர் சுற்றில் குறைந்தது ஐந்தாறு அளவு விழுகிற மாதிரி வையுங்கள்.

7. காலைல ஒம்போது மணிக்குத்தான் வெயில் உச்சமுன்னு காட்டுதுங்க. அப்பிடி இருக்குமுங்களா?

இருக்காது. உங்கள் லாகர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. மத்தியானம் இரண்டரை மணி உச்சம் அதில் 9 என்று விழும். அமைப்பில் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். பொது நேரத்திலேயே விடுவதானாலும் தப்பில்லை, அதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். பாதி மாதம் ஒன்று, மீதி மாதம் இன்னொன்று என்று மாற்றினால் மட்டும் பிற்பாடு யாராலும் பிரிக்க முடியாது.

கடிகாரம் மெதுவாக நழுவுவது வேறு கோளாறு. டி.எஸ்.3231 வருடத்துக்கு ஒரு நிமிடம் நழுவினால் அதிகம். மலிவான கடிகாரச் சில்லு மாதத்துக்கே ஒரு நிமிடத்துக்கு மேல் நழுவும். ஒவ்வொரு முறை தகவல் எடுக்கும்போதும் லாகரின் மணியையும் செல்போன் மணியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மின்சாரம் போனதும் வருடம் 2000-க்குத் தாவினால், உள்ளே இருக்கும் வட்டப் பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தம்.

8. பக்கத்துத் தோட்டத்துல 31 மில்லிமீட்டர், எனக்கு 18தான். என்ற மழைமானி கெட்டுப்போச்சுங்களா?

உடனே அப்படிச் சொல்ல முடியாது. சித்திரை, வைகாசிக் கோடை மழையும் ஐப்பசி இடி மழையும் ரோட்டுக்கு இந்தப்பக்கம் கொட்டி அந்தப்பக்கம் புழுதியை விட்டுவைக்கிற மழை. நிஜமாகவே அவருக்கு அதிகம் பெய்திருக்கலாம்.

முதலில் இருவரும் எந்த நாள் கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வானிலைத் துறை காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை எடுக்கிறது. 20ஆம் தேதி சாயங்காலம் பெய்தது 21ஆம் தேதிக் கணக்கில் வரும். லாகரோ நள்ளிரவு 12 மணிக்கு நாளை மாற்றும். ராத்திரியெல்லாம் பெய்த மழை ஒருவருக்கு ஒரே நாளிலும் மற்றவருக்கு இரண்டாகப் பிரிந்தும் விழும். பாதிச் சண்டை இதில் தீர்ந்துவிடும்.

அடுத்து இடம். பக்கத்தில் இருக்கும் சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும், நான்கு மடங்கு என்றால் இன்னும் நல்லது. 15 மீட்டர் தென்னைக்கு 30 மீட்டர். அப்புறம் காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் சாரல் படுத்துக்கொண்டுதான் விழும். பாதி மானியின் வாயைத் தாண்டிப் போய்விடும். அதனால் மானியை உயரமான கம்பத்தில் ஏற்றாதீர்கள். கம்பம் ஆடினால் உள்ளே மழையை எண்ணுகிற கிண்ணமும் ஆடி, பெய்யாத மழையை எண்ணிவிடும். மழைமானிக்குத் தனியாக ஒரு குட்டைத் தூண் போடுங்கள்.

'ஒரு உழவு மழை' என்று பெரியவர்கள் சொல்வதை மில்லிமீட்டரில் கேட்பவர்கள் உண்டு. அது மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்கிற கணக்கு, மண்ணுக்கு மண் மாறும். நேராக மாற்ற ஒரே கணக்குதான் இருக்கிறது: ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் சுமார் 4,000 லிட்டர். 25 மில்லிமீட்டர் என்றால் ஒரு லட்சம் லிட்டர்.

9. சரிங்க, மானி ஒழுங்கா எண்ணுதான்னு வீட்டுலயே பாக்க முடியுமா?

முடியும், கூடவே சந்தோஷமான வேலையும். உள்ளே ஏற்றக்கோல் மாதிரி இரண்டு சின்னக் கிண்ணம் இருக்கும். ஒன்று நிரம்பியதும் சாய்ந்து கொட்டும், ஒரு காந்தம் ஸ்விட்சைக் கடந்து போக, அது ஒன்று என எண்ணும். வாயின் விட்டத்தைச் சென்டிமீட்டரில் அளந்து பாதியாக்கி, அதை அதாலேயே பெருக்கி, 3.14-ஆல் பெருக்குங்கள். வருகிற எண் எத்தனையோ அத்தனை மில்லி தண்ணீர்தான் 10 மில்லிமீட்டர் மழை. 20 சென்டிமீட்டர் வாய்க்கு 314 மில்லி. ஒரு சாய்வு 0.2 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால் 50 முறை சாய வேண்டும், 0.5 என்றால் 20 முறை.

அந்தத் தண்ணீரை பாட்டிலில் ஊற்றி, மூடியில் ஊசியால் துளை போட்டு, அரை மணி நேரம் சொட்ட விடுங்கள். மடமடவென்று ஊற்றினால் கிண்ணம் சாய்கிற நேரத்தில் விழும் தண்ணீர் கணக்கில் வராது, குறைவாகத்தான் காட்டும். நிஜமான பெருமழையிலும் இதே குறை உண்டு. 48 முதல் 52 வரை வந்தால் நிம்மதியாக இருங்கள். அதற்கு வெளியே போனால் முதலில் ரசமட்டம் வைத்து மட்டம் பாருங்கள். பத்தில் எட்டுக் கோளாறு மட்டத்தில்தான். இந்தச் சோதனையைச் செய்த நாளையும் நேரத்தையும் எழுதி வைக்க மறந்தால், யாரோ ஒருவர் பங்குனியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்ததாக நம்பப் போகிறார்.

10. ஈரப்பதம் 99லயே நிக்குதுங்க, எறங்க மாட்டேங்குது.

எந்த நேரத்தில் என்று பாருங்கள். கார்த்திகை, மார்கழி விடியற்காலையில் பனி இறங்கும்போது 99 வருவது சரியான அளவு. வெயிலேறியும் மத்தியானம் வரை 99 என்றால் சென்சாரின் வடிகட்டியில் தண்ணீர் நிற்கிறது, அல்லது சென்சார் கெட்டுவிட்டது. கழற்றி வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் உலர விடுங்கள். ஹேர் டிரையர், அடுப்புச் சூடு வேண்டாம்.

ஈரப்பத சென்சாருக்கு வாசனை ஆகாது. கோழிப் பண்ணை அமோனியா மெதுவாகக் கொல்லும். புழு செட்டில் ஈடு முடிந்து பார்மலின், பிளீச்சிங் பவுடர் அடிக்கும்போது லாகரைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். சுண்ணாம்பு அடிக்கும்போதும் அப்படியே. மில்லில் பஞ்சுத் தூசி வடிகட்டியை அடைத்துவிடும், வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்ட வேண்டும்.

11. வருசா வருசம் கோயமுத்தூருக்கு அனுப்பி செக் பண்ணோணுமா?

யாருக்காவது கணக்குக் காட்ட வேண்டியிருந்தால், ஆமாம். மருந்து, ஏற்றுமதி, தணிக்கை என்று வந்தால் ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தருகிற என்.ஏ.பி.எல். அமைப்பு ஏற்ற ஆய்வகத்தின் சான்றிதழ்தான் செல்லும். உங்கள் சொந்த முடிவுக்கு என்றால் சமையலறையே போதும்.

ஈரப்பதத்துக்கு உப்புச் சோதனை. ஒரு மூடியில் தூள் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து போய்விடக்கூடாது. காற்றுப் புகாத டப்பாவில் அதையும் லாகரையும் ஒன்றையொன்று தொடாமல் வைத்து, ராத்திரி முழுக்க ஒரே வெப்பத்தில் விடுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 72 முதல் 78 வரை பரவாயில்லை. கல் உப்பு வேண்டாம், அதில் வேறு உப்புகளும் கலந்திருக்கும். வெப்பத்துக்கு, நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, நீர் புகாத வயர் சென்சாரை உள்ளே விடுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். ஈரப்பத சென்சாரைத் தண்ணீரில் விட்டுவிட்டு எனக்குப் போன் செய்யாதீர்கள்.

12. திடீர்னு 85 டிகிரி, அப்பறம் மைனஸ் 127. தோட்டமே எரிஞ்சு ஒறைஞ்சு போச்சுங்களா?

டி.எஸ்.18பி20 வயர் சென்சாரின் குறிச்சொற்கள் இவை. மின்சாரம் வந்ததும் அளக்கும் முன்பே படித்தால் அது 85 என்று சொல்லும். வயர் அறுந்து சென்சார் பதிலே தராவிட்டால் மைனஸ் 127 என்று நிரல் எழுதும். இரண்டும் வெப்பம் இல்லை. அணில் கடித்த வயரையும் தளர்ந்த இணைப்பையும் தேடுங்கள். சராசரி போடும் முன் இந்த இரண்டு எண்ணையும் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த மாதமே பாழ்.

13. சோலார் போட்டும் மழைக்காலத்துல நின்னுபோகுதுங்க.

ஐப்பசியில் நான்கு நாள் மேகம் போட்டால் பேனல் ஒன்றும் தராது. பேனல் இல்லாமலே ஒரு வாரம் ஓடுகிற அளவு பேட்டரி வேண்டும். பேனல் தெற்கே பார்க்க வேண்டும். நம் ஊர் 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது என்றாலும் 15, 20 டிகிரி சாய்த்தால் தூசி மழையில் கழுவிக்கொண்டு போகும். கோடையில் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். லித்தியம் பேட்டரி இருக்கும் பெட்டியை வெயிலில் விடாதீர்கள்; 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் சீக்கிரம் கெடும். பேனலின் அடி நிழலே போதும்.

சாதாரண பென்சில் பேட்டரி போடுகிறவர்கள் தீரும்வரை காத்திருக்க வேண்டாம். தீர்ந்த பேட்டரி கசிந்தால் வெள்ளையாகப் பூத்து உள்ளே கம்பியைத் தின்றுவிடும்.

14. எறும்பு, குளவி, மயிலு... இதுகளுக்கு என்னங்க பண்றது?

எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். எறும்பு வெதுவெதுப்பான பெட்டிக்குள் முட்டையோடு குடியேறும். வயர் நுழையும் துளையை எம்.சீல் வைத்து அடையுங்கள், கம்பத்தில் ஒரு சாண் அகலத்துக்கு கிரீஸ் தடவுங்கள். குளவி மழைமானியின் புனலில் மண்கூடு கட்டும். சிலந்தி கிண்ணத்தைக் கட்டிப்போடும். மயில் மானியின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே கழித்துவிட்டுப் போகும். விளிம்புக்கு வெளியே நாலைந்து கம்பியை மேல்நோக்கி நிறுத்தினால் உட்காராது. மரக்கம்பம் வேண்டாம், கரையான் ஒரு வருடத்தில் முடித்துவிடும்.

புனல் அடைத்திருப்பதைத் தகவலிலேயே கண்டுபிடிக்கலாம். மழை நின்று வானம் வெளுத்த பிறகும் நான்கைந்து மணி நேரம் ஒரே சீராக 0.2, 0.2 என்று வந்துகொண்டிருந்தால், அது தேங்கிய தண்ணீர் சொட்டுவது.

15. இடி விழுந்தா போயிருமுங்களா?

நேராக விழுந்தால் போகும். பக்கத்தில் விழுந்தால் நீள வயர் வழியாக வந்து கொல்லும். வயரைக் குட்டையாக வையுங்கள், கம்பத்துக்கு எர்த் போடுங்கள், தென்னையில் கட்டாதீர்கள். இடிக்கும்போது கார்டை எடுக்க ஓடாதீர்கள்.

16. மண் ஈரம் 40ன்னு காட்டுது. தண்ணி உடோணுமா வேண்டாமா?

எந்த மண்ணில் 40? செம்மண் சரளையில் 40 என்றால் சேறு. கரிசலில் அதே 40-இல் பயிர் உறிஞ்ச முடியாமல் பிடித்து வைத்த தண்ணீரும் சேர்ந்திருக்கும். அந்த எண்ணை அப்படியே நம்பாமல், உங்கள் மண்ணில் இரண்டு அளவு எடுத்துக்கொள்ளுங்கள்: நன்றாகப் பாய்ச்சி இரண்டு நாள் வடிந்த பிறகு எவ்வளவு, வழக்கமாக நீங்கள் 'இன்னைக்குத் தண்ணி விடணும்' என்று நினைக்கிற நாளில் எவ்வளவு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் கணக்கு. கரிசல் காய்ந்து வெடித்தால் சென்சாருக்கும் மண்ணுக்கும் நடுவில் காற்று புகுந்து, அளவு தடாலென்று விழும். அப்போது மண்ணை நனைத்து மறுபடி பதிக்க வேண்டும்.

17. மருந்துக்கடை பிரிட்ஜ்ல கதவ தொறந்தா போதும், அலாரம் அடிக்குதுங்க.

தடுப்பூசியும் இன்சுலினும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கதவைத் திறந்ததும் மாறுவது காற்றுதான், குப்பிக்குள் இருக்கும் மருந்து அவ்வளவு சீக்கிரம் மாறாது. வயர் சென்சாரை கிளைக்கால் என்கிற திரவம் நிறைத்த சின்ன பாட்டிலுக்குள் விட்டு, மருந்து இருக்கும் தட்டில் வையுங்கள். அப்போது மருந்து உணர்கிற வெப்பத்தைக் காட்டும்.

18. சிம் போட்டா வாட்ஸ்அப்புக்கே வந்துருமாமே, கார்டு எதுக்குங்க?

வரும், ரீசார்ஜ் தீரும்வரை. அனுப்புவதும் பதிவதும் வேறு வேறு வேலை. உள்ளேயும் எழுதி வைத்துக்கொண்டு வெளியேயும் அனுப்புகிற லாகராக வாங்குங்கள்.

19. எக்ஸெல்ல தொறந்தா பாதி தேதி மாறிப்போகுதுங்க.

நாம் நாள், மாதம் என்று எழுதுகிறோம். உங்கள் கணினி மாதம், நாள் என்று படிக்கிறது. 3-4 என்பது மார்ச் 4 ஆகிவிடும். 12ஆம் தேதி வரை இப்படித் தலைகீழாகும், 13-லிருந்து தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். லாகரில் தேதி அமைப்பை வருடம்-மாதம்-நாள் என்று வைத்தால் இந்தத் தலைவலி இல்லை. மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். ஒரு பிரதி எடுத்து அதில் வேலை செய்யுங்கள்.

20. நடுவுல மூணு நாள் பதியலை. நாமளே போட்டு நெரப்பிக்கலாமா?

வெப்பத்தில் ஒரு மணி நேர இடைவெளி என்றால் முன்னும் பின்னும் பார்த்து நிரப்பலாம், நிரப்பியது என்று குறியிட்டு. மூன்று நாளைக் காலியாக விடுங்கள். மழையை ஒருபோதும் நிரப்பாதீர்கள், பூஜ்யமும் போடாதீர்கள். பூஜ்யம் என்றால் 'பெய்யவில்லை' என்று அர்த்தம். காலி என்றால் 'பார்க்கவில்லை'. வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டுக்கு உங்கள் கோப்பைக் கேட்கப் போவதில்லை, அதற்கு அறிவிக்கப்பட்ட நிலையத்தின் அளவுதான். அதனால் யாருக்காகவும் அழகுபடுத்த வேண்டிய அவசியம் இல்லை.

21. ரெண்டு லாகரு, பக்கத்துல பக்கத்துல, ரெண்டு மாதிரி. எதைங்க நம்பறது?

அரை டிகிரி முன்னே பின்னே காட்டலாம் என்று இரண்டிலும் போட்டிருந்தால், ஒரு டிகிரி வித்தியாசம் கோளாறே இல்லை. அதற்குமேல் என்றால் இரண்டையும் ஒரே பெட்டியில், மின்விசிறிக் காற்றில், ஒரு நாள் வையுங்கள். வித்தியாசம் எப்போதும் ஒரே அளவு என்றால் கழித்துக்கொள்ளலாம். பகலில் மட்டும் கூடுகிறது என்றால் 4ஆம் பதிலுக்குப் போங்கள், வெயில் படுகிறது. ஈரப்பதம் என்றால் 11-இல் சொன்ன உப்பு டப்பாவில் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

22. எல்லாம் பொட்டியே எழுதுதே, அப்பறம் நோட்டு எதுக்குங்க எழுதச் சொல்றீங்க?

பொட்டி எண்ணை எழுதும், காரணத்தை எழுதாது. போன வருடம் ஒரு கோழிப் பண்ணையில் ஆறு மணி நேரம் வெப்பம் நான்கு டிகிரி குறைந்திருந்தது. முதலாளி குஞ்சுக்குச் சூடு தருகிற கேஸ் புரூடரைக் குறை சொன்னார், ஆள் கரன்டைக் குறை சொன்னார். நோட்டில் வேலைக்கு வந்த அம்மா ஒரு வரி எழுதியிருந்தார்: 'கூட்டறதுக்கு டப்பாவை எடுத்துத் திண்ணையில் வெச்சேன், மறந்துட்டேன்.' அந்த ஒரு வரி இல்லாவிட்டால் புது புரூடர் வாங்கியிருப்பார்.

பத்து ரூபாய் நோட்டு போதும். எடுத்த நாள், லாகர் மணி, செல்போன் மணி, என்ன துடைத்தேன், என்ன மாற்றினேன், பக்கத்தில் என்ன மாறியது. மரம் வெட்டினது, புதுசாகத் தகரம் போட்டது, சொட்டுநீர்க் குழாய் மாற்றியது எல்லாம் எழுதுங்கள். வயர் கட்டி லாகரோடேயே தொங்கவிடுங்கள், வீட்டில் வைத்தால் யாரும் எழுத மாட்டார்கள்.

23. பழசை எடுத்துட்டு புதுசு மாட்டப் போறேனுங்க. அப்பிடியே மாத்திரலாமா?

அப்படியே மாற்றாதீர்கள். ஒரு மாதமாவது இரண்டும் ஒரே கவசத்தில், ஒரே உயரத்தில் ஓடட்டும். முடிந்தால் கொஞ்சம் வெயிலும் கொஞ்சம் மழையும் வருகிற மாதமாகப் பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் கோப்பில் ஒரு டிகிரி ஏறியிருக்கும். ஊர் சூடானதா, சென்சார் மாறியதா என்று 21-இல் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்பீர்கள், அப்போது ஒப்பிடப் பழசு இருக்காது. மாற்றிய தேதியை நோட்டில் எழுதிவிட்டு, பழசைப் பரணில் போடும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். 13-இல் சொன்ன வெள்ளைப் பூப்பு பரணில் இன்னும் நிதானமாகப் பூக்கும்.